தலைக்கட்டில் வராதவள்

தினேசு, நீயும் உன் சித்தப்பாவும் பத்திரிகை வைக்கப் போயிருக்கிறீர்கள். திரும்பி வர சாயங்காலம் ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் போனவள், அதையும் முழுசாக முடிக்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துப் படி. நேரில் சொன்னால் நீ "சர்ம்மா, சர்ம்மா" என்று சொல்லிக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருப்பாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உன் வயசு அப்படி. படித்து முடித்ததும் இதைக் கௌசல்யாவிடம் கொடு. இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண், அவளுக்குத் தெரியாமல் நமக்குள் ஒன்றும் இருக்க வேண்டாம். குப்பத்தில் வேறு யார் கேட்டாலும் படிக்கக் கொடு. ஒளிக்கிற சங்கதி எதுவும் இதில் இல்லை.

உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அது முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். அன்றைக்கு அம்மன் கோயில் வாசலில் மைக்கில் உன் பெயரைப் படிப்பார்கள், நீ எழுந்து நின்று கும்பிடுவாய். அதிலிருந்து நீ ஒரு தலைக்கட்டு. கௌசல்யா பேசின் பிரிட்ஜில் ரயில்வே வீட்டில் வளர்ந்தவள், அவளுக்கு இது புதுசு என்பதால் விவரமாக எழுதுகிறேன். நம் குப்பத்தில் கல்யாணம் ஆன ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. அவன் ஊருக்கு வரி கொடுக்கணும். வரி கொடுக்கிறவனுக்குக் கூட்டத்தில் பேச்சு உண்டு, ஊருக்கு என்ன வந்தாலும் அதில் பங்கு உண்டு. அவன் செத்துப்போனால் நோட்டில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். அவன் பெண்டாட்டியிடம் வரி கேட்க மாட்டார்கள். பாவம், தனியாக இருக்கிறாள் என்று விட்டுவிடுகிற வழக்கம். ஆனால் வரி போகிறபோதே பேச்சும் பங்கும் கூடவே போய்விடுகிறது.

உன் அப்பா பெயரை அடித்திருந்ததை நான் பார்த்தேன். கருமாதி முடிந்து ஒரு மாசம் இருக்கும், ஊர்த்தலைவர் ஏழுமலை வீட்டுக்கு மீன் கொடுக்கப் போனேன், மேஜை மேல் நோட்டு திறந்து கிடந்தது. ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டிருந்தார்கள். அவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கரைக்கு வருகிறபோது கல்லில் மோதிக் கவிழ்ந்த படகு, மூன்று நாள் கழித்துக் கிடைத்த உடம்பு, அதையெல்லாம் பார்த்தபோது வராத அழுகை அந்தக் கோட்டைப் பார்த்து வந்தது. ஏழுமலை பெண்டாட்டி பயந்துபோய்க் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

அப்பாவின் மனுவைப் பற்றி உனக்குத் தெரியும். ஊர் மக்களே ஒன்றாகச் சேர்ந்து தங்களுக்கு இது வேண்டும் என்று கேட்டு, தங்கள் பங்கையும் போட்டால், மீதியை மாநகராட்சி போட்டு வேலையைச் செய்து கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு வந்தார். அன்றையிலிருந்து அவருக்கு அதே பேச்சு. வலை பின்ன ஒரு கூடம் வேண்டும், மேலே தகரம், நாலு பக்கமும் காற்று வர வேண்டும். நீயும் பார்த்திருக்கிறாய், எக்ஸ்பிரஸ் ரோட்டு ஓரத்தில் வெயிலில் உட்கார்ந்து பின்னுவார்கள், கண்டெய்னர் லாரி வரிசையாக நின்று புகையை மூஞ்சியில் விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். "இன்னாமே, கூடம் மட்டும் வந்துட்டா நாங்கல்லாம் ஆபீசரு மாதிரி நெழல்ல குந்திகினு வேலை பாப்போம்" என்பார். "ஃபேனு போடுவாங்களாயா?" என்று நான் கேட்டால், "ஃபேனு இன்னா, ஏசி கேட்டுக்கீறேன்" என்பார். கடலுக்குப் போகாத நாளெல்லாம் வார்டு ஆபீசுக்குப் போய் வந்தார். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார், தலைக்கட்டு எல்லாரிடமும். என்னிடம் வாங்கவில்லை. வாங்கணும் என்று அவருக்கும் தோன்றவில்லை, போடணும் என்று எனக்கும் தோன்றவில்லை. மனுவைக் கொடுப்பதற்குள் போய்விட்டார். அந்தக் காகிதம் பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

போன மாசக் கூட்டத்தில் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. அப்பா ஆரம்பித்த திட்டத்தை ஊர் கையில் எடுக்கிறது, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று ஏழுமலை மைக்கில் சொன்னார். நான் நம் வீட்டுப் பங்கை முந்தானையில் முடிந்து கொண்டு போயிருந்தேன். அவர் முன்னால் போய் நீட்டினேன்.

"இன்னா அண்ணி இது? உன்னாண்ட துட்டு வாங்கினா அண்ணன் என்னைச் சும்மா உடுமா? உனக்கு வரி கெடையாது. வூட்டுக்குப் போய் நிம்மதியா இரு."

"வரி வாணாம்னா போவுது. ஒரு வார்த்த பேசிக்கட்டுமா?"

"பேசேன், யாரு வாணான்னது?" என்றார். நான் பேசினேன். ரோட்டோரத்தில் நாங்கள் மீன் விற்கிற இடத்தில் பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும், தண்ணிக் குழாய் ஒன்று வேண்டும், திட்டத்தில் அதைக் கேட்கலாமே என்றேன். பின்னாலிருந்து ஒருத்தன், யாரென்று உனக்கே தெரியும், "அம்மாம் பெரிய கடலு கீது, அது பத்தலியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மணல் இருந்த காலத்தில் கடல் எங்களுக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. கரை முழுக்கக் கல்லைக் கொட்டி, அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் லாரி என்று ஆன பிறகு நாங்கள் எங்கே போவோம் என்று அவன் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளும் எங்களோடுதான் கூடை வைத்திருக்கிறாள், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போது நீ வந்தாய். என் முழங்கையைப் பிடித்தாய். "உக்காரும்மா. இன்னாத்துக்கு பேஜார் பண்ற? எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று காதோடு சொன்னாய். நான் உட்கார்ந்துவிட்டேன். உன் தோஸ்துங்க எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவை வைத்து நாலு பேர் சிரிப்பதை உன்னால் பார்க்க முடியவில்லை. அது எனக்குப் புரிந்தது. காட்டுப்பள்ளி கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டிங் வேலை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாய், கண் சிவந்திருந்தது. கோபம் வரவில்லை, தினேசு. ஆனால் வீட்டுக்கு வந்து நீ சாப்பிடும்போது நான் பேசாமல் இருந்தேனே, அதற்குக் காரணம் தலைவலி இல்லை.

கூட்டம் கலைந்து வரும்போது தனம் எனக்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். கௌசல்யா, தனம் நம் பின்வீட்டுக்காரி, புருஷன் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது, அவளும் மீன் விற்கிறவள்தான். என்னைப் பார்த்து, "இன்னா, நீயும் நம்ம கட்சிக்கு வந்துட்டியா? வா, வா. இந்தக் கட்சியில ஓட்டு கெடையாது, பிரியாணி கெடையாது" என்றாள். சிரித்தேன். சிரித்துவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று அவளுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல வேண்டும்.

அவள் புருஷன் செத்த அதே வருஷம் பெரிய மழை வந்தது, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. நிவாரணமாக வந்த அரிசி மூட்டையையும் பாயையும் தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தார்கள். தனத்துக்கு இல்லை. பிள்ளைகள் ரெண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து, "அண்ணனாண்ட ஒரு வார்த்த சொல்லேன்" என்று என்னைக் கேட்டாள். உன் அப்பா அப்போது பஞ்சாயத்தில் இருந்தார், சொன்னால் கேட்டிருப்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு வரி கெடையாதே தனம், அப்பறம் பங்கு எப்டி கேப்பே?" நியாயம் பேசுவதாக நினைத்துத்தான் சொன்னேன். ராத்திரி மனசு கேட்காமல் நம் அரிசியில் கொஞ்சம் கொண்டு போய்க் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொண்டாள். அதையே பெரிய தர்மமாக நினைத்துப் பதினொரு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அவள் கேட்டது அரிசி இல்லை என்பது இப்போது ஏழுமலை என் கையைத் தள்ளியபோதுதான் தெரிந்தது. உன் அப்பா செத்த அன்று முதல் ஆளாக வந்து என் தலையை மடியில் போட்டுக்கொண்டவள் அவள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்குத்தான் காகிதத்தை எடுத்தேன், இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு எனக்கு ஒன்றுக்குப் போக முடியாமல் எரிச்சல், காய்ச்சல், இடுப்பில் கத்தியால் குத்துகிற மாதிரி வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களே, ஞாபகம் இருக்கும். டாக்டர் அம்மா, "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார். நான் முழித்தேன். உன் அப்பா வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாமே, தண்ணி குடிக்கக் கூடவா உனக்கு நேரம் இல்ல?" "மறந்துடுதுயா" என்றேன். பொய். விடியற்காலை காசிமேட்டில் மீன் எடுத்து, ரோட்டோரத்தில் கூடையை வைத்தால் மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் எழுந்து போக ஒரு மறைவு கிடையாது. அதனால் நாங்கள் யாருமே தண்ணி குடிப்பதில்லை. டீ கொடுத்தாலும் தொண்டை நனைகிற மாதிரி ஒரு வாய். இதை ஒரு பொம்பளையும் வீட்டில் சொன்னதில்லை. புருஷனிடம் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சம். சொன்னால் வியாபாரத்துக்குப் போகாதே என்று சொல்லிவிடுவாரோ என்று பயம் வேறு.

மறுநாளே உன் அப்பா ஒரு சிவப்பு பாட்டில் வாங்கி வந்தார். தினமும் காலையில் அவரே நிரப்பிக் கூடை ஓரத்தில் சொருகுவார். கடலுக்குப் போகிற நாளில் முந்தின நாளே நிரப்பி வைத்துவிட்டுப் போவார். நான் அந்தத் தண்ணியைக் குடிக்கவில்லை, தினேசு. வெயில் ஏற ஏற மீன் காய்ந்துபோகும் அல்லவா, அதன் மேல் தெளித்துவிடுவேன். சாயங்காலம் காலி பாட்டிலோடு வீட்டுக்கு வருவேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, "ஆங், இப்டிதான் இருக்கணும்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொல்வார். ரெண்டு வருஷத்துக்கு மேல் அப்படி அவரை ஏமாற்றியிருக்கிறேன். ஒரே ஒரு நாள், இன்ன காரணம்யா என்று சொல்லியிருந்தால் போதும். அவர் யாருக்காகவும் ஓடுகிற மனுஷன், எனக்காக ஓடியிருக்க மாட்டாரா? வலைக்கூடத்துக்கு முன்னால் இதைத்தான் எழுதியிருப்பார். அவர் மனுவில் இது இல்லாமல் போனதற்கு ஊர்க்காரர்கள் காரணம் இல்லை. என் வாய்தான். எட்டு மாசமாக நான் அழுகிற அழுகையில் பாதி இதற்குத்தான். அவர் போன பிறகு நீ அந்த பாட்டிலை நிரப்பித் தருகிறாய். அதையும் மீன் மேல்தான் தெளிக்கிறேன். இனிமேலும் உன்னை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை, அதனால் எழுதிவிட்டேன்.

கூட்டம் முடிந்த வாரம் நானும் தனமும், அவளை மாதிரி புருஷன் போய், நோட்டில் பெயர் இல்லாத இன்னும் மூன்று பேரும் வார்டு ஆபீசுக்குப் போனோம். உன்னிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். அங்கே இந்தத் திட்டத்தைப் பார்க்கிற இஞ்சினியர் ஒரு பொண்ணு, உன்னை விடச் சின்னவளாக இருக்கும். நாங்கள் போய் நின்றதும் மீன் வாசனைக்கு ஜன்னலைத் திறப்பாள் என்று நினைத்தேன். நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எங்க பேரு ஊரு நோட்டுல இல்ல மேடம், நாங்க மனு குடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"எந்த நோட்டு?" என்றாள்.

தனம் விளக்கினாள். அந்தப் பொண்ணு தன் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அது உங்க ஊர் வழக்கங்கம்மா, இந்தத் திட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த இடத்துல குடியிருக்கறவங்க யார் வேணா கேக்கலாம். ஆனா ஒண்ணு, உங்க குப்பத்துக்கு இந்த வருஷம் ஒரு வேலைதான் எடுக்க முடியும். ரெண்டு மனு வந்தா ரெண்டும் தள்ளிப் போகும். ஊர்ல பேசி ஒரே மனுவா கொண்டு வாங்க" என்றாள். வெளியே வந்ததும் தனம், "கேட்டியா, யார் வேணா கேக்கலாமாம். நம்மளக் கூட ஆளாக்கிட்டா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்களுக்கு வேண்டியதைத் தனம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மீன் கூடை வைக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும், புருஷன் இருக்கிறவர்களும் சேர்த்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பங்கையும் நாங்களே போட்டுக்கொள்வோம். கடல் பத்தவில்லையா என்று கேட்டானே, அவன் அம்மா கையெழுத்து முதலாவதாக இருக்கிறது.

ஆகவே இப்போது ரெண்டு காகிதம் இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் உன் அப்பாவுடையதை உன்னிடம் கொடுத்துவிடுவேன். அது உன் உரிமை, அதை நான் கிழிக்கவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எது போகணும் என்று முடிவு பண்ணுவார்கள். ஏழுமலை உன்னைத்தான் முதலில் பேசச் சொல்வார். அப்பா ஆசையைப் பிள்ளை எடுத்து நடத்துகிறான் என்று ஊரே தட்டிக் கொடுக்கும். அந்த மனுவில் தப்பு ஒன்றும் இல்லை, தினேசு. வெயிலில் குந்தி வலை பின்னுகிறவர்களும் நம் ஆட்கள்தான், உன் சித்தப்பா முதுகைப் பார்த்தாலே தெரியும். அதனால் நீ எந்தப் பக்கம் பேசணும் என்று நான் சொல்லப் போவதில்லை. யோசித்து, உன் மனசுக்குப் பட்டதைப் பேசு. எனக்கு எதிராகப் பேசினாலும் நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன், அதை நீ பார்க்காத மாதிரி இருந்துவிடு.

கல்யாணத்தில் எதிலும் நான் முரண்டு பிடிக்கப் போவதில்லை. தாலித் தட்டை எடுத்துக் கொடுக்க உன் சித்தியைக் கூப்பிட்டிருக்கிறேன், ஆரத்தியும் அவள்தான். கௌசல்யாவின் அம்மா அதெல்லாம் நீங்களே செய்யுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், நல்ல மனுஷி. ஆனால் எனக்கு ஒரு சண்டைக்குத்தான் இப்போது உடம்பில் தெம்பு இருக்கிறது. அதைப் பந்தலில் செலவழிக்க விருப்பமில்லை. நான் பின்னால் நின்று உங்கள் ரெண்டு பேரையும் கண் நிறையப் பார்த்துக்கொள்கிறேன். நீ மாலையோடு திரும்பி என்னைத் தேடினால் கூட்டத்தில் கையை ஆட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் பின்னால் நிற்க மாட்டேன். நானும் தனமும் கோயில் வாசலில், ஆம்பளைங்க உட்காருகிற ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்போம். எங்கள் காகிதத்தை நானே படிப்பேன், திக்கித் திக்கி. பாட்டில் கதையையும் அங்கேயே சொல்லப் போகிறேன். அதனால்தான் முன்கூட்டியே உனக்குச் சொன்னேன், கூட்டத்தில் வைத்து முதல் முறையாகக் கேட்டு நீ உடைந்துபோகக் கூடாது. யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நீ எழுந்து வராதே. என் கையைப் பிடிக்காதே. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னது எனக்குத் தெரியும், நீ பார்த்துக்கொள்வாய் என்பதும் தெரியும். உன்னை நம்பாமல் இல்லை. நீ எனக்காகப் பேசி வாங்கிக் கொடுத்தால் அது தினேசு வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். நாளைக்கு இந்தக் குப்பத்தில் இன்னொருத்தி தனியாக நின்றால் அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்தால்தான் ஆச்சு என்று ஆகிவிடும். தனத்தின் பிள்ளைகள் ரெண்டும் பொண்ணுங்க, கட்டிக் கொடுத்தாயிற்று.

நாங்கள் ஜெயித்தால் நல்லது. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம், அன்றைக்கு வீட்டில் யாரும் யார் மேலும் கோபமாக இருக்கக் கூடாது, வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன், கௌசல்யாவுக்குப் பிடிக்குமாமே. தோற்றால் வலைக்கூடத்து மனுவையே எல்லாரும் சேர்ந்து கொடுப்போம். உன் அப்பா ஆசைப்பட்ட கூடம், அது எழும்புவதில் எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒன்று மட்டும் ஏழுமலையிடம் சொல்லி வை. எந்த மனு போனாலும் அடியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் எனக்கும் தனத்துக்கும் இடம் விட்டு வைக்கணும். நான் போட்டுவிட்டுத்தான் அந்தக் காகிதத்தைக் கையிலிருந்து விடுவேன்.

அம்மா